பிடித்த பத்துப் புத்தகம், பத்துப் படம்: பட்டியல் யாரைக் காட்டுகிறது?

ஜனவரி 4, காலை 7.50 (கேள்வி)

பிடித்த புத்தகத்தைச் சொன்னால் ஆளைச் சொல்லிவிடலாம் என்கிறார்கள். அப்படியானால் ஒரு சிக்கல் இருக்கிறது. பிடித்த புத்தகம் பத்து, படம் பத்து என்று யாரை எழுதச் சொன்னாலும் பாதிக்கு மேல் பள்ளி, கல்லூரி வயதில் படித்ததும் பார்த்ததுமாகத்தான் வருகிறது. நாற்பது வயதுக்காரரின் பட்டியல் அவருடைய பதினெட்டு வயதுப் பட்டியல் போலவே இருந்தால், நடுவில் அவர் மாறவே இல்லை என்று எடுத்துக்கொள்வதா? நாம் யாராக ஆகிக்கொண்டு வருகிறோம் என்பது இந்தப் பட்டியலில் தெரியுமா, தெரியாதா?

ஜனவரி 4, இரவு 9.20

மாறவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது நினைவு செய்கிற வேலை. நடுவயதைத் தாண்டியவர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டால், பத்து வயதிலிருந்து முப்பது வரைக்குமான காலம் மற்ற காலங்களைவிடக் கூடுதலாக வந்து விழும். வரைபடமாகப் போட்டால் அங்கே ஒரு மேடு தெரியும். யான்சன், செஸ்ஸா, முர்ரே மூவரும் 2007இல் பிடித்த புத்தகம், படம், இசைத்தட்டு மூன்றையும் கேட்டுப் பார்த்தார்கள். அங்கும் இளமைப் பக்கம் அந்த மேடு. பாட்டில் இது இன்னும் பழைய செய்தி: 1989இல் ஹோல்புரூக்கும் ஷிண்ட்லரும் செய்த ஆய்வில், ஆட்கள் மிகவும் விரும்பிய பாட்டுகள் அவர்களுக்கு ஏறத்தாழ 23.5 வயதாக இருந்தபோது வந்தவை.

காரணமாகச் சொல்லப்படுவதில் ஒன்று எளிது. பதினேழு வயதில் படிக்கிற சோகக் கதை பலருக்கு முதல் சோகக் கதை. நாற்பதில் படிப்பது அந்த வகையில் நூறாவதாக இருக்கும். கதை தரத்தில் உயர்ந்ததாக இருந்தாலும் முதலாவது இடம் ஏற்கெனவே போய்விட்டது. ஆகவே "பிடித்தது எது" என்ற கேள்விக்குப் பழைய ஆள்தான் பதில் சொல்வார். இப்போதைய ஆளிடம் பதில் வாங்க வேண்டுமானால் கேள்வியை மாற்ற வேண்டும். கடந்த பன்னிரண்டு மாதத்தில் இன்னொருவர் கையில் எதைக் கொடுத்தீர்கள்? எதைப் பாதியில் வைத்தீர்கள்? எதை இரண்டாவது முறை எடுத்தீர்கள்? மூன்றுக்கும் மூன்று தனித்தாள். பத்துப் பெயர் வேண்டாம், தாளுக்கு மூன்று போதும்.

ஜனவரி 5, காலை 6.40

நேற்று எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். பழைய பட்டியல் இப்போதைய ஆளைக் காட்டவே காட்டாது என்ற தொனி வந்துவிட்டது. அது மிகை. பெயர்கள் காட்டாது, பெயருக்குப் பக்கத்தில் எழுதுகிற காரணம் காட்டும்.

ஒரு அட்டையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தபாலட்டை அளவு. நீல மையில்: "மகன் வீட்டைவிட்டுப் போகிற அத்தியாயம். அவன் போனது சரி. இன்னும் முன்னாலேயே போயிருக்க வேண்டும்." கீழே ஒரு கோடு. பதினோரு ஆண்டு கழித்து அதே கையெழுத்து, கொஞ்சம் சாய்ந்து, கறுப்பு மையில்: "அதே அத்தியாயம். அப்பா அன்றிரவு வாசல் விளக்கை அணைக்கவில்லை என்று ஒரு வரி இருக்கிறது. இது எப்போதிருந்து இங்கே இருக்கிறது?"

அந்த வரி அச்சான நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. பட்டியலில் புத்தகத்தின் இடம்கூட மாறவில்லை, முதலில் மூன்றாவது, இப்போதும் மூன்றாவது. ஆனால் நீல மைக்காரருக்கும் கறுப்பு மைக்காரருக்கும் நடுவில் யாரோ ஒருவர் ஆகிக்கொண்டு வந்திருக்கிறார். தேட வேண்டியது அவரை.

ஜனவரி 5, இரவு 10.05

அட்டை முறையை விவரமாகக் கேட்டிருக்கிறார்கள்.

மறுவாசிப்புக்குப் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்பே எழுத வேண்டும். இது மாறாத விதி. பத்து நிமிடம், ஒரு பக்கம், நினைவிலிருந்து மட்டும். கதை என்ன, முடிவு என்ன, யார் பக்கம் நின்றோம், எந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. பெயர் மறந்திருந்தால் "அந்த அக்கா", "டாக்டர்" என்று எழுதினால் போதும், போய்ப் பார்க்கக் கூடாது. மேலே தேதி. பிறகு அட்டையை உறையில் போட்டுவிட்டுப் படிக்கத் தொடங்கலாம். முடித்த 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது பக்கம், அதே நான்கு கேள்வி. அதற்குப் பிறகே இரண்டையும் அருகருகே வைக்க வேண்டும்.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் உண்டு. உளவியலாளர் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட சோதனைகளில், அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படித்த இங்கிலாந்து வாசகர்கள் அதைத் திரும்பத் திரும்ப நினைவிலிருந்து எழுதினார்கள். புரியாத இடங்கள் உதிர்ந்தன, அந்நியமான பொருட்கள் பழக்கமான பொருட்களாயின, கதை அவர்கள் ஊர்க் கதை போல நேராயிற்று. நாமும் அதைத்தான் செய்கிறோம். விட்டுப்போனதும் சேர்ந்துபோனதும் தற்செயல் அல்ல, அவரவர் சாய்வுப்படிதான் போயிருக்கும். படிப்பதற்கு முந்தைய அந்த முதல் பக்கத்தை எழுதாமல் படித்துவிட்டால் இந்தத் தடயம் அழிந்துவிடும். "எனக்கு அப்போதே தெரியும்" என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய கருத்தைக் கேட்டால் இன்றைய கருத்தையே சற்று நகர்த்திச் சொல்வது மனித வழக்கம். அதை நேர்மைக் குறைவு என்று சொல்ல முடியாது.

வழக்கமாகக் கெடுகிற இடங்கள்: அந்த முதல் பக்கத்தில் விமர்சனம் எழுதுவது ("நடை சிறப்பு" போன்றவை எதற்கும் உதவாது), புத்தகத்தின் பின் அட்டைக் குறிப்பைப் பார்த்துவிட்டு எழுதுவது, பதிப்பைக் குறிக்காமல் விடுவது. கடைசியானதுதான் அதிகம் கெடுக்கும். முதலில் படித்தது சிறுவர் சுருக்கப் பதிப்பு, இப்போது படிப்பது முழு நூல் என்றால், புதிதாகக் கண்ணில் பட்ட வரி முன்பு இல்லாமலே இருந்திருக்கலாம். மொழிபெயர்ப்பு நூலென்றால் மொழிபெயர்ப்பாளர் பெயர் கட்டாயம்.

ஜனவரி 6, மதியம் 1.15

எத்தனை ஆண்டு இடைவெளி? ஐந்துக்குக் குறைந்தால் முந்தைய வாசிப்பின் நினைவே படிக்கும். ஏழு முதல் பத்து நல்லது. ஆண்டுக்கு இரண்டு புத்தகம், இரண்டு படம். அதற்கு மேல் எடுத்தால் வீட்டுப்பாடம் ஆகிவிடும், நூல்நயம் போய்விடும்.

ஜனவரி 8, இரவு 8.30

படத்துக்கும் இதே முறை செல்லுமா என்றால் பாதி செல்லும்.

புத்தகத்தில் வேகம் நம் கையில், படத்தில் அவர்கள் கையில். "எந்த வரியில் நின்றேன்" என்ற கேள்விக்குப் படத்தில் "எந்த நிமிடத்தில் நிமிர்ந்தேன்" என்பது மாற்று. மடியில் தாள், பென்சில், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ஒரு கிறுக்கல், பக்கத்தில் நிமிடம். இரண்டரை மணிப் படத்துக்கு ஐந்தாறு கிறுக்கல் தேறினால் போதும். இருபது வந்தால் நீங்கள் படம் பார்க்கவில்லை, கணக்கெடுத்திருக்கிறீர்கள்.

நிமிடக் குறிப்பில் ஒரு பொறி உண்டு. திரையரங்கப் படம் நொடிக்கு 24 பிரேம். PAL என்ற ஒளிபரப்பு முறையில் வரும் டிவிக்கும் டிவிடிக்கும் அதை 25 பிரேமாக ஓட்டுவார்கள், ஆகவே நான்கு விழுக்காடு வேகம். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும், குரல்களும் திருத்தாவிட்டால் அரைச் சுருதி போல ஏறிக் கேட்கும். பழைய டிவிடியில் 96ஆம் நிமிடம் என்று குறித்த காட்சி இப்போதைய புளூ ரேயில் 100ஆம் நிமிடத்தில் வரும். நினைவு பிசகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், 25ஆல் பெருக்கி 24ஆல் வகுத்துப் பாருங்கள்.

திரையின் அகலமும் முக்கியம். பழைய சதுர டிவிக்காக அகலப்படத்தின் ஓரங்களை வெட்டிய பிரதிகள் நிறைய உலவின. இருவர் பேசும் காட்சியில் கேட்டுக்கொண்டிருப்பவர் வெட்டில் போயிருப்பார். முழு அகலத்தில் இப்போது பார்த்து, "முன்பு பேசியவர் பக்கம் இருந்தேன், இப்போது கேட்பவர் பக்கம் வந்துவிட்டேன், பக்குவப்பட்டிருக்கிறேன்" என்று எழுதிவைத்தால் தவறு. அவர் முகமே முன்பு உங்களுக்குக் காட்டப்படவில்லை. டப்பிங்கில் பார்த்ததா, சப்டைட்டிலோடு பார்த்ததா என்பதையும் குறியுங்கள்.

ஜனவரி 9, காலை 7.10

ஸ்டார் போடுவதைப் பற்றி: அட்டையில் வேண்டாம். இருபதில் போட்ட நான்கும் நாற்பதில் போட்ட நான்கும் ஒரே நான்கு அல்ல. இருபதில் முப்பது படம் பார்த்தவரின் அளவுகோல் வேறு, ஆயிரம் பார்த்தவரின் அளவுகோல் வேறு. தவிர, ஸ்டார் என்றால் ஆட்கள் "மதிக்கத்தக்கது எவ்வளவு" என்று எழுதிவிடுகிறார்கள், "பிடித்தது எவ்வளவு" பின்னால் போய்விடுகிறது. நெட்ஃபிளிக்ஸ் 2017இல் ஐந்து ஸ்டாரை எடுத்துவிட்டுக் கட்டைவிரலுக்கு மாறியது. அட்டையிலும் ஒரே கேள்வி போதும்: இன்னொரு முறை இதற்கு இவ்வளவு நேரம் தருவேனா, ஆம் அல்லது இல்லை.

ஜனவரி 11, இரவு 9.45

"பார்க்க வேண்டிய பட்டியல் முழுக்கப் பொய், உண்மையான ஆள் பார்த்து முடித்ததில்தான் இருக்கிறார்" என்று ஒரு கருத்து வந்திருக்கிறது. முதல் பாதியை ஏற்க முடியவில்லை.

இரண்டு பட்டியலும் ஒத்துப்போகாது என்பது உண்மை. ரீட், லோவன்ஸ்டீன், கல்யாணராமன் 1999இல் வெளியிட்ட சோதனையில், இன்றிரவுக்கு என்றால் ஆட்கள் லேசான படத்தையும், சில நாள் கழித்துப் பார்க்க என்றால் கனமான படத்தையும் கூடுதலாக எடுத்தார்கள். மில்க்மன், ராஜர்ஸ், பேசர்மன் மூவரும் 2009இல் இணையவழி டிவிடி வாடகைத் தரவைப் பார்த்தபோது, ஆவணப்படம் போன்ற "பார்க்க வேண்டியவை" வாடிக்கையாளர் வீட்டில் கூடுதல் நாள் கிடந்தன, "பார்க்க ஆசைப்படுபவை" சீக்கிரம் திரும்பி வந்தன.

ஆனால் பாதி படித்த பாடநூலைப் போலத்தான் இதுவும். வாங்கி வைத்தது பொய்யான ஆசையில் இல்லை. காத்திருக்கிற பட்டியல் நாம் போக விரும்புகிற திசை, முடித்த பட்டியல் நாம் போன தூரம். இரண்டும் இருந்தால்தான் இடைவெளியை அளக்க முடியும். இப்படிச் செய்யலாம்: பட்டியலில் சேர்க்கிற ஒவ்வொன்றுக்கும் தேதி, அதோடு ஏன் சேர்த்தோம் என்று ஐந்து சொல். ஆண்டு முடிவில் மூன்று எண்: சேர்த்தவை, முடித்தவை, காரணம் செத்துப்போனவை. மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. "எல்லாரும் பேசுகிறார்கள்" என்று சேர்த்தது ஆறு மாதத்தில் காரணமிழக்கும். "அம்மாவின் நோயைப் புரிந்துகொள்ள" என்று சேர்த்தது ஐந்து ஆண்டு கிடந்தாலும் சாகாது. அது தொடப்படாமல் கிடக்கிறது என்பதே ஒரு தகவல். அதை நீக்கச் சொல்ல மாட்டேன்.

ஜனவரி 12, காலை 6.55

கைவிட்டவை பற்றி முதல் நாள் சொல்லிவிட்டு விட்டுவிட்டேன். பக்க எண்ணையும் காரணத்தையும் புத்தகத்தின் உள்ளட்டையில் பென்சிலால் எழுதுங்கள். காரணங்கள் பெரும்பாலும் நான்குக்குள் அடங்கும்: நேரமில்லை, நடை ஒத்துவரவில்லை, ஏற்கெனவே தெரிந்தது, தாங்க முடியவில்லை. முதல் மூன்றும் புத்தகத்தைப் பற்றியவை. நான்காவது உங்களைப் பற்றியது. குழந்தைக்கு ஆபத்து வருகிற காட்சியை முன்பு சாதாரணமாகத் தாண்டியவர் இப்போது படத்தை நிறுத்துகிறார் என்றால், அவருக்குள் என்ன நடந்திருக்கிறது என்பதை எந்தப் பிடித்த பட்டியலும் அவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

ஜனவரி 12, இரவு 10.30

ஒரு கிளைக்கேள்வி: படம் பார்க்கிற இணையத்தளமே "இந்த ஆண்டு நீங்கள் பார்த்தவை" என்று தொகுத்துத் தருகிறதே, அது போதாதா? போதாது. ஒரே கணக்கை வீட்டில் நான்கு பேர் பயன்படுத்தினால் அது நான்கு பேரின் சராசரி. தானாக அடுத்த பகுதி ஓடுகிற வசதி தூங்கிப்போனவரையும் பார்த்தவராகக் கணக்கிடும். முகப்பில் வந்து நின்றதைத் தொட்டதும், நாமே தேடிப் போனதும் அங்கே ஒரே வரிதான். அட்டையில் "தே" (தேடியது), "வ" (வந்தது), "கொ" (ஒருவர் கொடுத்தது) என்று ஒரு எழுத்துக் குறி போடுங்கள். ஓராண்டில் "வ" மட்டுமே மிகுந்தால், ரசனை மாறியது நீங்கள் மாறியதாலா, முகப்பு மாறியதாலா என்று பிரிக்க முடியாது.

ஜனவரி 14, மாலை 5.40

இதுவரை எழுதியதற்கு எதிராக ஒன்றை நானே வைக்கிறேன். திரும்பத் திரும்பப் பார்த்தால் பிடித்துப்போகும் என்பதை உளவியலாளர் சயான்ஸ் 1968இலேயே காட்டினார். அர்த்தம் தெரியாத குறிகளைக்கூட அதிக முறை பார்த்தவர்கள் அதிகம் விரும்பினார்கள். ஆக, இரண்டாவது வாசிப்பில் "ஆழமாக" உணர்ந்ததில் ஒரு பங்கு வெறும் பழக்கம். அட்டையில் இதை ஓரளவு பிரிக்கலாம். "முன்னைவிடப் பிடித்தது" என்ற வரியைத் தள்ளுங்கள், அது பழக்கமாக இருக்கலாம். "முன்பு அவன் பக்கம், இப்போது அவள் பக்கம்" என்ற வரியை வையுங்கள். பழக்கம் பக்கம் மாற்றாது.

புனைவு ஆளையே மாற்றுமா என்பதிலும் நிதானம் வேண்டும். இலக்கியக் கதை படித்தவுடன் பிறர் மனத்தைப் படிக்கும் திறன் கூடுகிறது என்று கிட், கஸ்டானோ 2013இல் வெளியிட்டது பரவலாகப் பேசப்பட்டது. 2016இல் வேறு குழுக்கள் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. ஒரு கதை ஒரு மாலையில் ஆளை உயர்த்திவிடும் என்று நம்பிப் படிக்க வேண்டாம். மாற்றம் நடந்தபின் அதைக் காட்டித் தருகிற வேலையைப் புத்தகம் நிச்சயமாகச் செய்கிறது, அதுவே பெரிய உதவி.

ஜனவரி 16, இரவு 9.15

"ஆகிக்கொண்டு வருவது" என்றாலே வளர்ச்சி என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். டார்வினைப் பாருங்கள். 1838 முதல் 1860 வரை படித்தவை, படிக்க வேண்டியவை என்று நோட்டுப்போட்டு எழுதிவைத்தவர். 1876இல் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் சொல்கிறார்: முப்பது வயது வரை, அதற்குச் சற்றுப் பின்னும், மில்டன், பைரன், வேர்ட்ஸ்வொர்த் கவிதைகள் பெரும் மகிழ்ச்சி தந்தன, பள்ளிப் பையனாக ஷேக்ஸ்பியரில் ஆழ்ந்தவர், இப்போது ஒரு வரிக் கவிதை தாங்கவில்லை, ஷேக்ஸ்பியர் குமட்டும் அளவுக்குச் சலிக்கிறது. உண்மைக் குவியலிலிருந்து பொது விதிகளை அரைத்தெடுக்கிற இயந்திரமாகத் தன் மனம் ஆகிவிட்டது போல என்கிறார். இன்னொரு முறை வாழக் கிடைத்தால் வாரத்துக்கு ஒரு முறையாவது கொஞ்சம் கவிதை படிப்பேன், இசை கேட்பேன் என்றும் எழுதுகிறார். நாவல் மட்டும் கடைசிவரை பிடித்திருந்தது, வீட்டார் வாசித்துக் காட்டுவார்கள். சோகமாக முடிகிற நாவலுக்கு எதிராகச் சட்டமே வேண்டும் என்று அவர் எழுதியதைப் படிக்கும்போது அந்த மனிதர் மேல் பிரியம் கூடுகிறது.

இழந்ததை அவர் இப்படி எழுதிவைத்தபோது வயது அறுபத்தேழு. வாரத்துக்கு ஒரு முறை என்று அவர் சொன்ன அளவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முன்பு பிடித்து, இப்போது தொடாமல் விட்ட வகை ஒன்று எல்லோருக்கும் இருக்கும். வாரத்தில் இருபது நிமிடம் அதற்கு. மூன்று மாதத்துக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடலாம், அப்போது தெரிந்தே விட்டதாக இருக்கும்.

எதிர்த்திசையில் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1826 இலையுதிர்காலத்தில் எதிலும் மனம் செல்லாத இருளில் விழுந்தவர். 1828இல் வேர்ட்ஸ்வொர்த்தை முதன்முறையாகப் படித்தது தனக்கு மருந்து போல் அமைந்ததாக எழுதுகிறார். அதே கவிஞர், ஒருவருக்குள் நுழைகிறார், ஒருவரைவிட்டுப் போகிறார்.

ஜனவரி 17, காலை 8.00

திருத்தம்: டார்வின் கதையை வயது ஏற ஏற ரசனை தேயும் என்பதற்கு ஆதாரமாகச் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அவரே காரணத்தை வயதில் வைக்கவில்லை, பயன்படுத்தாமல் விட்டதில் வைத்தார்.

ஜனவரி 19, இரவு 9.50

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். குவாட்பாக், கில்பர்ட், வில்சன் 2013இல் 19,000 பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வில், எல்லா வயதினரும் கடந்த பத்தாண்டில் நிறைய மாறியதாகச் சொன்னார்கள், வரும் பத்தாண்டில் அவ்வளவு மாற மாட்டோம் என்றார்கள். இன்று பிடித்த இசைக்குழுவைப் பத்தாண்டு கழித்துக் கேட்க இன்றைக்கே தரத் தயாரான தொகை, பத்தாண்டுக்கு முன் பிடித்த குழுவை இன்று கேட்கத் தருவதைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதல். "இதுதான் என் பத்து" என்று நாம் உறுதியாகச் சொல்கிற தொனியும் இதே கணக்குத்தான்.

ஆகவே அட்டையில் கடைசியாக ஒரு வரி இடம் விடுங்கள். பத்தாண்டு கழித்து இந்தப் பத்தில் எது விழுந்திருக்கும் என்று இப்போதே ஒரு பெயரை எழுதுங்கள். எழுதக் கை வராத பெயர் எதுவோ, அதன் பக்கத்திலும் ஒரு புள்ளி.

ஜனவரி 20, காலை 7.25

பழைய அட்டையைப் படித்தால் கூச்சமாக இருக்கிறது, கிழித்துவிடலாமா என்ற கேள்விக்கு: கிழிக்க வேண்டாம், ஒயிட்னரும் வேண்டாம். தவறான வரியின் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கிற மாதிரி, பக்கத்தில் அன்றைய தேதி. ஜெல் பேனா ஈரத்தில் பரவும், ரசீதுத்தாளில் எழுதியது வெளிச்சத்திலும் சூட்டிலும் மங்கிவிடும். பென்சில் எச்பி, கெட்டி அட்டை, புத்தகத்துக்குள் வைக்காமல் தனி உறை.